இரட்டை ஏழு

மார்ச் 4, செவ்வாய்

மருந்துக் கடைக்கு வந்த பெரியவர் இருமிக்கொண்டே நிற்கிறார். அவர் நீட்டிய காசை நான் லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "செல்லாதாம்மா?" என்றார் பாவம். செல்லும் ஐயா, ஏழு ஒழுங்காக இருக்கிறது, அதுதான் என் வருத்தம் என்று சொல்லவா முடியும்? முதலாளி ஓரக்கண்ணால் பார்த்தார். அவசரமாக மருந்தை எடுத்துக் கொடுத்தேன்.

என்னிடம் உள்ள ஒரு காசில், பொறித்திருக்கும் வருடத்தின் கடைசி எண்ணான ஏழு இரண்டாக விழுந்திருக்கிறது. காசு அடிக்கும் அச்சிலேயே ஏழு இரண்டு முறை பதிந்துவிட்டது என்பது என் கட்சி. அப்படியானால் அந்த அச்சில் அடித்த எல்லாக் காசிலும் இரட்டை ஏழு இருந்தாக வேண்டும். "இல்லக்கா, அடிக்கிறப்போ அச்சு லேசா குதிச்சிருக்கு. இந்த ஒரு காசோட சரி" என்றான் தம்பி. சாவி வெட்டும் கடை வைத்திருக்கிறான். "சாவி வெட்டுறவனுக்குக் காசைப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். சின்ன வயதிலிருந்து என்னோடு சேர்ந்து விதவிதமான காசு பொறுக்கிச் சேர்த்தவன். எழுந்து போய்விட்டான். எட்டு மாதமாகப் பேச்சில்லை.

இன்னொரு இரட்டை ஏழு கிடைத்தால் போதும்.

மார்ச் 7, வெள்ளி

"வர்றவங்களுக்கு என்ன நோய்னு கேளு. காசுக்கு என்ன நோய்னு பாக்காத" என்கிறார் இவர். கட்டிக்கொண்ட மனுஷன், சொல்லிவிட்டுப் போகட்டும்.

மார்ச் 12, புதன்

கிடைத்துவிட்டது!

ஒரு அம்மா தைலம் வாங்கக் கொடுத்த சில்லறையில் இருந்தது. கல்லாவில் என் காசு ஒன்றைப் போட்டுவிட்டு எடுத்துக்கொண்டேன். வீட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே ஏழு, அதே சாய்வு. ஏழின் காலுக்குக் கீழே முடி கனத்தில் ஒரு மேடான கோடு. அச்சில் விரிசல் விட்டால் காசில் அப்படித்தான் கோடு எழும்பும். அதுவும் இரண்டிலும் அதே இடத்தில். ஒரே அச்சு. நான் சொன்னதுதான் சரி.

இவரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு "ஆமாமா, ரெண்டு ஏழு நல்லா தெரியுது" என்றார். அவர் பார்த்தது காசின் மறுபக்கம்.

ஜெயிச்சாச்சு. யார்கிட்ட சொல்றது? இது புரியற ஆளு ஒருத்தன்தான். அவனைத்தான் நானே வாயால விரட்டினேனே. அழுகையா வருது. இதுக்கெல்லாமா அழுவாங்க?

மார்ச் 14, வெள்ளி

போனை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

மார்ச் 15, சனி

போயே விட்டேன். சும்மா எப்படிப் போவது என்று ஒரு பூட்டை எடுத்துக்கொண்டு போய், "சாவி தொலைஞ்சிடுச்சு" என்றேன். பூட்டைப் பார்த்தான். என் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தான். "அதோ, அதுலயே தொங்குதே" என்றான்.

மானம் போனது போனதுதான் என்று இரண்டு காசையும் மேஜைமேல் வைத்தேன். லென்ஸை எடுத்துக் குனிந்தவன் வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு இழுப்பறையில் கையை விட்டு ஒரு சின்ன டப்பாவை எடுத்துத் திறந்தான். அதில் ஒரு இரட்டை ஏழு!

"இது எப்போடா கிடைச்சுது?"

"அஞ்சு மாசம் இருக்கும்."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ ஜெயிச்சிடுவியே." லென்ஸைத் துடைத்துக்கொண்டே, "நீ அப்படிக் கேட்டது ரொம்ப வலிச்சுதுக்கா" என்றான்.

"கேட்டது தப்புதான்டா" என்றேன். எட்டு மாதம் முன்பே சொல்லியிருக்க வேண்டியது.

உடனே அவன் முகத்தில் பழைய விஷமம். "ஆனா ஒண்ணு. என்னோடதுல அந்த விரிசல் கோடு இல்ல, பாரு. அச்சு விரியறதுக்கு முன்னாடியே அடிச்சது. உன் காசு ரெண்டுக்கும் என் காசு அண்ணன்."

தாங்க முடியவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

காலை எட்டு மணிக்கே விளக்கும் கையுமாக வந்துவிட்டான். அவன் காசில் கோடு தேய்ந்து போயிருக்கும் என்பது என் கட்சி. ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான். மேஜை முழுக்கச் சில்லறை. மத்தியானம் இவர் தட்டைக் கையில் ஏந்தி நின்றுகொண்டே சாப்பிட்டார். நாங்கள் இரண்டு பேரும் நகரவில்லை.