நாற்பத்தேழாம் எண்ணின் கண்ணாடி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து ஒழுங்காக விடுகிறீர்களா, இல்லை அம்மா திட்டினால்தானா?

நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடம் செய்தியில் வந்ததும் பயந்திருப்பீர்கள். ஒன்றுமில்லை. நம் இனத்தாருக்குப் பிறவியிலேயே அறிவு மட்டு, காரணம் மரபணு என்று எங்கள் பேராசிரியர் கட்டுரை எழுதிவிட்டார். வாசலில் கோஷம், உள்ளே கூட்டம்.

அந்தக் கட்டுரைக்காக நடத்திய அறிவுத் தேர்வை நானும் எழுதியவள்தான். வந்த புதிதில் ரத்தம் கொடுத்துவிட்டுப் படப்புதிர்களுக்கு விடை குறித்தேன். என் எண் நாற்பத்தேழு. இப்போது பட்டியலைப் பார்த்தால், கடைசி மதிப்பெண் எனக்கு! அந்த வாரம்தான் என் கண்ணாடி உடைந்திருந்தது. கவலைப்படுவீர்கள் என்று உங்களிடம் சொல்லவில்லை. எல்லாவற்றையும் குத்துமதிப்பாகத்தான் குறித்தேன்.

கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னேன்.

"ஒருத்தரால முடிவு மாறாதும்மா" என்றார் பேராசிரியர்.

"மத்தவங்களுக்கு அன்னைக்கு என்ன கஷ்டம்னு யாராவது கேட்டீங்களா சார்?"

அவர் தாள்களை அடுக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

ரகசியப் பட்டியலைக் கூட்டத்தில் போட்டு உடைத்ததற்கு விசாரணையாம். அதுவரை அறையிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல ஓய்வு. துவைத்த துணியையே மறுபடி துவைத்துக்கொண்டிருக்கிறேன்.

பீரோவில் கண் டாக்டர் எனக்குக் கண்ணாடிக்காக எழுதிய சீட்டு இருக்கும். அனுப்புங்கள், விசாரணையில் காட்ட வேண்டும். கூடவே உங்கள் கையால் நாலு வரி எழுதுங்கள். பொடி எழுத்தானாலும் பரவாயில்லை, இப்போது எனக்கு நன்றாகத் தெரிகிறது.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
நாற்பத்தேழு