ஸ்டீரிங்கில் ஒட்டிய வேல்

இன்று காலை கீழ்வீட்டுச் சீனர் பட்டாசுச் சரம் வெடித்தார். தடைதான். ஆனாலும் அவர்களுடைய புத்தாண்டுக்கு நம் ஜெலுத்தோங் வட்டாரத்தில் யார் கேட்கப் போகிறார்கள்? சத்தத்துக்கு நான் பயப்படவில்லை. புகை மாடியேறி ஜன்னல் வழியே வந்தது பார், அந்தக் கருகிய மருந்து நெடி, அதற்குத்தான் என் இரண்டு கையும் தானாக எழுந்து முகத்தை மூடிக்கொண்டன. பசியாற எடுத்த ரொட்டி தட்டோடு தரையில் கிடந்தது. அன்று உன் காருக்குள் இதே நெடிதான்.

அப்படியே கிளம்பி உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். அங்கே நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உன்னைத் திட்ட வேண்டும். இரண்டு வருஷமாக அடக்கி வைத்திருக்கிறேன்.

நீ யார் பேச்சைக் கேட்டிருக்கிறாய்? பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நாம் சேர்ந்த முதல் வருஷம், கம்பெனி பஸ்ஸில் பின்சீட்டு ஆள் உன் இடுப்பில் கை வைத்தான். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் அவன் விரலைப் பிடித்து மடக்கினாய். அது முறிந்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அவன் அலறிய அலறலில் டிரைவர் பஸ்ஸை ஓரம் கட்டினார். "வாயால சொல்லிப் பாத்திருக்கலாம் லா" என்றேன். "விரலுக்குக் காது ஏதுடி? அதுக்குப் புரியிற மாதிரி சொன்னேன்" என்றாய். என்னையும் நீ விட்டு வைக்கவில்லை. ஹாஸ்டலில் ஒரு சேலைக்காக என் முடியைப் பிடித்து இழுத்தாய், நான் உன் மணிக்கட்டைக் கடித்தேன். என் பல் தடம் உனக்கு அழியவே இல்லை. அதைக் காட்டி, "இவ வளத்த நாய் இல்ல, இவளே நாய்" என்று ஊரெல்லாம் சொல்வாய்.

அப்படிப்பட்டவள் இருபது வருஷம் உழைத்து, சூப்பர்வைசராகி, புதுக் கார் வாங்கினாய். மோதினால் ஸ்டீரிங்குக்குள்ளிருந்து காற்றுப்பை வெடித்து வந்து முகத்தைத் தாங்கிக்கொள்ளும் என்று விற்றவன் பெருமையாகச் சொன்னான். கோயில் வாசலில் பூசை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பக்கத்துக் கடையில் நான் ஒரு பித்தளை வேல் வாங்கி வந்திருந்தேன். விரல் நீளம், கூரான முனை.

"எங்கடி ஒட்டுறது?" என்று கேட்டாய்.

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஸ்டீரிங் நடுவுல. கண்ணு முன்னாடி இருக்கணும்" என்றேன். பசையைத் தடவி நானே அழுத்தி ஒட்டினேன்.

"ஹாரன் அடிக்கணும்னா முருகனையே குத்தணுமா லா?"

"குத்து. அப்பத்தான் அவரும் தூங்காம வருவாரு."

மூன்று வருஷம் அந்த வேடிக்கையிலேயே போனது. பிறகுதான் கார் கம்பெனியிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. உன் வகைக் கார்களில் டிரைவர் பக்கத்துக் காற்றுப்பையில் கோளாறு, மோதாமலே, ஒரு குலுக்கலுக்கே அது வெடித்துவிடலாம், உடனே கொண்டு வந்து காட்டுங்கள், ஸ்டீரிங் மூடியின்மேல் எதையும் ஒட்டி வைக்காதீர்கள். நீ மறுநாளே கொண்டு போனாய். மாற்றுப் பாகம் வர இரண்டு வாரம் ஆகுமாம். கவுண்டரில் இருந்த மலாய்க்காரர் எட்டிப் பார்த்து, அந்தப் பித்தளையை இப்போதே பெயர்த்துவிடுங்கள் என்றாராம். நீ நேராக என் வீட்டுக்கு வந்து சமையலறையில் கத்தியை எடுத்தாய்.

தைப்பூசத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. நான் பால்குடத்துக்கு விரதம் இருந்தேன். பாய்ந்து உன் கையைப் பிடித்தேன்.

"முருகனைக் கத்தியால நெம்புவியா? அதுவும் பூச மாசத்துல?"

"அடியே, வெடிக்கும்னு எழுதியிருக்கான் லா!"

"வெடிச்சா அவரு பாத்துக்குவாரு. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போயிடும். பூசம் முடியட்டும், பூசாரியைக் கூப்பிட்டு, சூடம் காட்டி முறையா எடுக்கலாம். இப்ப அதுல கை வச்சே, இனிமே என் வாசப்படி மிதிக்காதே!"

கத்தி நம் இருவர் கைக்கும் நடுவே இழுபட்டது. என் கட்டைவிரலில் கீறிக்கூட விட்டது. நீ என்னையே முறைத்துப் பார்த்தாய். பிறகு கத்தியைத் தொட்டியில் எறிந்தாய். "சரி. உனக்காக" என்றாய்.

ஏன் கேட்டாய்? யார் சொல்லையும் கேட்காதவள், அன்றைக்கு மட்டும் ஏன் என் சொல்லைக் கேட்டாய்? பளாரென்று என்னை ஓர் அறை அறைந்துவிட்டு அதைப் பெயர்த்திருக்க வேண்டியதுதானே!

ஐந்தாம் நாள் காலை. பாசாருக்குப் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பினோம். என் மடியில் புதுப் பால்குடம். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருக்கும் வேகத்தடை மேட்டில், சைக்கிள் வேகத்தில்தான் காரை ஏற்றினாய். டமார் என்றது. யாரோ சுட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். எங்கும் வெள்ளைப் பொடி, காதில் ஒரே ரீங்காரம். புகை விலகியபோது பை சுருங்கி உன் மடியில் கிடந்தது. உன் தலை சீட்டில் சாய்ந்திருந்தது. தாடைக்குக் கீழே, கழுத்தில், வேலின் அடிப்பாகம் மட்டும் வெளியே தெரிந்தது.

நீ என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாய். இரத்தம்தான் வந்தது. நான் புத்திகெட்டுப் போய் அதைப் பிடுங்கினேன். சூடாக என் முகத்தில் அடித்தது. இரண்டு கையாலும் பொத்தினேன், விரல் இடுக்கெல்லாம் வழிந்தது. உன் மணிக்கட்டைப் பிடித்தபோது என் பல் தடம் என் விரலில் தட்டுப்பட்டது. நீ என் கையை எலும்பு நோகும்படி இறுக்கினாய். பிறகு விட்டுவிட்டாய். ஆட்கள் ஓடி வந்தார்கள், கதவைத் திறந்தார்கள். ஹாரன் மட்டும் நிற்காமல் அலறிக்கொண்டே இருந்தது.

காரியம் முடிந்த மறுநாள் அந்தக் கம்பெனிக்குப் போய் நாற்காலியைத் தூக்கி கவுண்டர் கண்ணாடியில் எறிந்தேன். சில்லு தெறித்து அந்த மலாய்க்காரர் நெற்றியில் இரத்தம் வழிந்தது. அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை. "நான் அவங்ககிட்டச் சொன்னேனே, அக்கா" என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். நான் உடைக்க நினைத்தது அந்த ஒரு வாக்கியத்தைத்தான் போலிருக்கிறது. அது உடையவில்லை. வெடித்தது அவர்கள் கோளாறு, அதில் மாற்றுப் பேச்சில்லை. ஊரே கம்பெனியைச் சபித்தது. எல்லாரையும்விட உரக்கச் சபித்தவள் நான்.

போலீஸ் திருப்பிக் கொடுத்த வேலை உன் அம்மா கழுவி, சந்தனம் வைத்து, சாமி மாடத்தில் வைத்தார். "கடைசி வரைக்கும் முருகன் அவகூட இருந்திருக்காரு" என்றார். வெள்ளிக்கிழமை தவறாமல் போய் அதன் முன்னால் கை கூப்பினேன். இரண்டு வருஷம்.

இன்று சொல்லிவிட்டேன். அம்மா தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கத்தி, விரதம், வாசப்படி, எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து போய்க் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துவிட்டு வந்து, ஓங்கி ஓர் அறை விட்டார். அன்றைய ரீங்காரம் அப்படியே காதில் திரும்பியது.

"அன்னிக்கே போன்ல சொன்னா. 'அவ சண்டை போடறாம்மா, பூசம் முடியட்டும்'னு சொன்னா. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நீ வாயத் தொறப்பேன்னு பாத்தேன். திருநீறு பூசிக்கிட்டுப் போயிடுவே."

"தெரிஞ்சுமாம்மா அதை மாடத்துல வச்சீங்க?"

"உனக்காகத்தான் வச்சேன். அதைப் பாக்கவே எனக்கு ஆகல." மாடத்திலிருந்து வேலை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, முனை குத்தும்படி விரல்களை மூடினார். "எடுத்துக்கிட்டுப் போ."

படி இறங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "வெள்ளிக்கெழம வந்துரு லா."

கன்னம் இன்னும் எரிகிறது. நீ அடிக்க வேண்டிய அடி, உன் அம்மா கையால் வந்து சேர்ந்தது. பத்திரிகைத் தாளில் வேலைச் சுற்றி மேசைமேல் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். வந்ததிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றிவிட்டேன். எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அன்று நீ கேட்டபோது எனக்கு உடனே தெரிந்திருந்தது.