முன் பெஞ்சுக்குக் கேட்ட சத்தம்

நவம்பர் 3, 2025, திங்கள்

பாடகர் குழுத் தலைவர் ஞானரத்தினம் அண்ணன் நேற்று ஆராதனை முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக்கு எல்லோரும் போனில் ஒரே பாட்டு ஆப்பில் கேட்டால் நல்லது, எதை வாங்கலாம் என்று நான்தான் சொல்ல வேண்டுமாம். வேறு யாரைக் கேட்பார்? இருபத்திரண்டு வருஷமாக ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர், பதினோரு வருஷமாக ஆலயத்தில் ஒலிபெருக்கி மிக்சரைப் பார்ப்பவன். ராஜபாளையத்தில் சத்தத்தைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் எவன்?

நவம்பர் 5, புதன்

மூன்று ஆப்பையும் ஹெட்செட்டில் கேட்டு, பாடகர் குழு வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன். ஓசி ஆப்: நடுவில் விளம்பரம், சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருகிறது. நடுத்தர விலை: அடிச்சத்தம் உண்டு, மேலே உயிரில்லை. விலை கூடியது: ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் கேட்கிறது, கொடுத்த காசுக்குத் தகும்.

பதினாறு பேர் கைதட்டுப் போட்டார்கள். பெனின் பார்த்திருக்கிறான், ஒன்றும் போடவில்லை. என் மனைவி தங்கபாயின் தம்பி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறான். ஞாயிறுதோறும் இங்கே வந்து பாடிக்கொண்டிருந்தவன். ஈஸ்டர் அன்று என்னைக் கேட்காமல் மிக்சரில் ட்ரெபிளை, அந்தக் கீச்சுச் சத்தத்தை, குறைத்தான். "ஏலே, ஒனக்குக் காதே கிடையாது" என்று குழு முழுவதற்கும் முன்னால் சொன்னேன். அதோடு இந்தப் பக்கம் வரவில்லை. ரோஷக்காரன். இருக்கட்டும்.

நவம்பர் 8, சனி

எழுதவே கூசுகிறது.

கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டால்தான் சரியான ஒப்பீடு என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அதையும் குரூப்பில் போட்டு அசத்தலாம் என்று துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தங்கபாய் ஆப்பை மாற்றி மாற்றிப் போட வேண்டும், நான் எது என்று சொல்ல வேண்டும். பன்னிரண்டு தடவையில் சரியாகச் சொன்னது நான்கு. ஒரு தடவை அவள் மாற்றவே இல்லை. நான் பாட்டுக்கு "இது ஓசி, கேட்டாலே தெரியுதே" என்று விளக்கம் சொல்லியிருக்கிறேன்.

அதுகூடப் போகட்டும். கடைசிப் பாட்டுக்குக் காத்திருந்தேன், வரவில்லை. இன்னும் எம்புட்டு நேரம் என்று கேட்டேன்.

"போட்டுச் செத்த நேரமாச்சே," என்றாள். "ஆரம்பத்துச் சலங்கைச் சத்தம் ஓடிக்கிட்டிருக்கு."

துண்டை அவிழ்க்காமல் அப்படியே இருந்தேன். எந்த முகத்தோடு அவளைப் பார்ப்பது?

நவம்பர் 9, ஞாயிறு

காய்ச்சல் என்று பொய் சொல்லி ஆலயத்துக்குப் போகவில்லை.

நவம்பர் 13, வியாழன்

ஸ்ரீவில்லிபுத்தூரில் காது டாக்டரைப் பார்த்தேன். ராஜபாளையத்தில் பார்த்தால் தெரிந்தவர் கண்ணில் படுவேன். ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை என்றுதான் நினைத்தேன். தாளில் கோடு பாதிவரை நேராக வந்து கீழே சரிந்துகிடந்தது.

நான் வேலையைச் சொல்வதற்கு முன்பே டாக்டரம்மா, மில்லா என்று கேட்டார். கீச்சுச் சத்தம் கேட்கிற பக்கம் போய்விட்டது, போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். காதடைப்பான் போடுவீர்களா? போடுவேன் என்றேன். அங்கேயும் பொய். அது என் ஐடி கார்டுக் கயிற்றில் தொங்குகிறது. ஆடிட் வருகிற அன்றைக்குக் காதுக்குள் போகும், அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் வெளியே வரும். மிஷின் கோளாறைக் காதால் கண்டுபிடிக்கிறவனைக் காதை மூடச் சொல்கிறார்களே என்று சிரித்தவன் நான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பெனின் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு எதிர்ப்பக்கமாக நடந்தேன்.

நவம்பர் 14, வெள்ளி

தங்கபாயிடம் தாளைக் காட்டினேன். அவள் அதிர்ச்சியடையவில்லை. அப்போதுதான் ஒன்று உறைத்தது — மூன்று வருஷத்துக்கு முன்னால் முன் பெஞ்சை விட்டுவிட்டுக் கடைசிப் பெஞ்சுக்குப் போனாளே, ஏன்? ஃபேன் காற்று ஆகவில்லை என்றுதானே சொன்னாள்?

"ஃபேன் இல்ல, ஸ்பீக்கர்," என்றாள். "காதுல ஊசி குத்துன மாதிரி இருக்கும். பரிபூரணம் அக்கா பஞ்சு வச்சுக்கிட்டுத்தான் வாராவ. ஒங்ககிட்ட யாரு சொல்ல? சொன்னவனத்தான் காது இல்லன்னு வெரட்டிட்டியளே."

எனக்குக் கேட்கவில்லை என்று ட்ரெபிளை ஏற்றி ஏற்றி வைத்ததை எல்லோரும் தாங்கியிருக்கிறார்கள். முன் பெஞ்சு காலியாகக் கிடப்பதை ஞாயிறுதோறும் பார்த்தேன். சனங்களுக்குப் பக்தி குறைந்துவிட்டது என்றல்லவா நினைத்தேன். சே. வெக்கமா இருக்கு. எத்தனை தடவை எழுதினாலும் வெக்கமாத்தான் இருக்கு.

நவம்பர் 16, ஞாயிறு

ட்ரெபிளைக் குறைக்கப் போனேன். எவ்வளவு குறைக்க? எனக்கு எப்படித் தெரியும்?

நவம்பர் 22, சனி

பெனின் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் பழகிக்கொண்டு போன வார்த்தையெல்லாம் வாசலில் மறந்துவிட்டது. தாளை நீட்டி, காது இல்லாதவன் நான்தான் என்றேன். அவன் நேரமெடுத்துப் பார்த்தான்.

"அத்தான், அன்னைக்கு அம்புட்டுப் பேரு முன்னால சொன்னிய," என்றான். "இன்னைக்கு எங்கிட்ட மட்டும் வந்து சொல்லுதிய."

காபி கொடுத்தான். குடித்தேன். அவன் கேட்டது நியாயம்.

நவம்பர் 23, ஞாயிறு

குரூப்பில் போட்டுவிட்டேன். "ஐந்தாம் தேதி நான் எழுதியதை நம்ப வேண்டாம். கண்ணைக் கட்டிக் கேட்டதில் மூன்று ஆப்புக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. என் காது பழுதாகிவிட்டது. ஈஸ்டர் அன்று பெனின் செய்ததுதான் சரி, நான் பேசியதுதான் தப்பு. முன் பெஞ்சில் இருந்தவர்கள் மன்னிக்க வேண்டும். எந்த ஆப் என்று அவனைக் கேளுங்கள்."

போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். செத்த நேரம் கழித்துப் பார்த்தால், எல்லோரும் படித்திருக்கிறார்கள். ஒருவரும் ஒன்றும் போடவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

பெனின் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டான். நடுத்தர விலை ஆப்பே போதும், குடும்பத் திட்டமாக எடுத்தால் வீட்டில் எல்லோரும் கேட்கலாம் என்று ஞானரத்தினம் அண்ணனிடம் சொன்னான். பிறகு மிக்சரில் நின்றான். நான் பக்கத்தில் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன்.

முதல் பாட்டு எனக்குப் போர்வைக்குள்ளிருந்துதான் கேட்டது. கை தானாக ட்ரெபிள் பக்கம் போனது. இழுத்துப் பைக்குள் விட்டுக்கொண்டேன்; உள்ளே காதடைப்பான் தட்டுப்பட்டது. இந்த வாரம் மில்லில் எல்லா நாளும் போட்டிருந்தேன்.

இரண்டாம் பாட்டில் தங்கபாய் எழுந்தாள். பரிபூரணம் அக்காவையும் கூட்டிக்கொண்டு போய் முன் பெஞ்சில் உட்கார்ந்தாள். அக்கா செத்த நேரம் கேட்டுப் பார்த்துவிட்டு, காதிலிருந்த பஞ்சை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.