பதினான்காம் கட்டத்தை நிரப்பியவன் நான், என் அக்கா மகள் அல்ல

அனுப்புநர்:
பெயர்ப்பலகை ஓவியர்,
மாவு மில்லுக்கு எதிர் வீடு, முன்னறை.

பெறுநர்:
முதல்வர் அவர்கள்,
செவிலியர் பயிற்சிப் பள்ளி,
அரசு மருத்துவமனை வளாகம்.

பொருள்: ஓராண்டு செவிலியர் பயிற்சி – அக்கா மகளின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது – பிழை என்னுடையது – திங்கட்கிழமை நேர்காணலுக்கு அவளை அழைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்த தங்கள் அலுவலகக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் வளாக வாசலில் நீல எழுத்தில் "அமைதி காக்கவும்" என்று ஒரு பலகை இருக்கிறதே, அது அடியேன் கைவண்ணம். அதைப் படித்த பிறகு அங்கே இருமல்கூடக் குறைந்துவிட்டதாகக் கேள்வி. இந்த ஊரில் இருபத்து மூன்று டாக்டர்களுக்குப் பலகை எழுதியவன் நான். அவர்களுடைய பட்டங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை பிசகாமல் சொல்வேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன்தான். ஆனாலும் எழுத்து என்று வந்தால் தெருவே என் கையைத் தேடி வரும். அதனால்தான் அக்கா மகளின் விண்ணப்பத்தையும் நானே நிரப்பினேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

2. பதினான்காம் கட்டத்தில், நோயாளிகளைப் பராமரித்த அனுபவம் இருந்தால் எழுதவும் என்று கேட்டிருந்தீர்கள். விட்டிருந்த இடமோ விரற்கடை அளவு. ஆகவே தனித்தாள் மூன்று இணைத்தேன். பதினோரு அறுவை சிகிச்சைகளில் டாக்டருக்குக் கத்தி எடுத்துக் கொடுத்தாள், இருநூறு பேருக்கு ஊசி போட்டாள், பேருந்துக்குள் இரட்டைப் பிரசவம் பார்த்தாள் என்று எழுதினேன். பேருந்து ஓடிக்கொண்டிருந்தது என்றும் எழுதிய ஞாபகம். கையெழுத்துக்கு நீட்டியபோது அவள் கை முழுக்கச் சோப்பு நுரை. "என்ன மாமா எழுதியிருக்கீங்க? படிச்சுக் காட்டுங்க" என்றாள். "எல்லாம் உன் பெருமைதான், போடும்மா" என்றேன். பாவாடையில் கையைத் துடைத்துவிட்டு, நம்பிப் போட்டாள்.

3. தகுதியில்லாமல் ஊசி போட்டதாக விண்ணப்பதாரரே எழுதிக் கொடுத்திருப்பதால் சேர்க்க இயலாது என்று தங்கள் கடிதம் வந்தது. நியாயம்தான். நானே அதிகாரியாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். அவள் அதை நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். "நான் ஊசியைத் தொட்டதுகூட இல்லையே மாமா" என்றாள். கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் பங்கையும் சேர்த்து என் அக்கா வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள்: "உன் வாய் நீளத்துக்கு ஏணியே வேண்டாம்டா! அதுலயே ஏறி போர்டு எழுதலாம்!"

4. இனி நடந்ததை எழுதுகிறேன். சென்ற ஜூலையில் ஒரு கண் மருத்துவமனைக்குப் பலகை எழுதும்போது மூன்றாவது மாடி உயரத்திலிருந்து விழுந்தேன். (அக்கா பக்கத்தில் நின்று வாசிக்கிறாள். பதினோரு அடி.) இடுப்பெலும்பு முறிந்து, தகடு வைத்து, நான்கு மாதம் படுக்கை. அக்கா பகலெல்லாம் தையல் ஆலையில் இருப்பாள். என்னைப் பார்த்துக்கொண்டவள் பத்தொன்பது வயதான இந்தப் பெண்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இடம், வலம் என்று திருப்பிப் படுக்க வைப்பாள். முழங்கால்களுக்கு நடுவே தலையணை, குதிகால் மெத்தையில் படாமல் இருக்கக் கெண்டைக்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு. காய்ச்சல் எவ்வளவு, குடித்த தண்ணீர் எவ்வளவு, வெளியேறியது எவ்வளவு என்று நோட்டில் குறிப்பாள். தகடு வைத்த தையலைப் பார்க்க வாரம் ஒரு முறை வந்த நர்சம்மா, கடைசி வாரம் என்னைப் புரட்டி முதுகைப் பார்த்துவிட்டு, "எங்கம்மா ட்ரெயினிங் எடுத்தே?" என்று அவளைக் கேட்டார். "பிளஸ் டூதான் சிஸ்டர்" என்றாள்.

5. ஐயா, அவளுக்கு எதையும் சும்மா செய்துவிட்டுப் போகத் தெரியாது. ஏன் என்று கேட்பாள். என் குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்துவாள், வெளுக்கும். எடுப்பாள், சிவப்பு திரும்பும். அதற்குள் எத்தனை எண்ணலாம் என்று எண்ணுவாள். இடுப்பு முறிந்தவனுக்குக் குதிகால் ஏன் முதலில் சிவக்கிறது என்று ஒரு நாள் கேட்டாள். எனக்குத் தெரியாத விஷயம் உண்டா? "அதுதானே தரைக்குக் கிட்ட இருக்கு, ரத்தம் இறங்குது" என்றேன். "படுத்திருக்கும்போதுமா மாமா?" என்றாள். என் பதிலை அங்கேயே விட்டுவிட்டு நர்சம்மாவிடம் கேட்டாள். நர்சம்மா தெரிந்த வரை சொல்லிவிட்டு, "மிச்சத்தை ஸ்கூல்ல போய்க் கேளு" என்றார். அவள் விண்ணப்பம் போட்டது அதற்காகத்தான். ஏன் என்று கேட்கும் அந்தத் தொற்று இப்போது எனக்கும் வந்துவிட்டது. தங்கள் பள்ளியில் பொம்மையைப் படுக்க வைத்துக் கற்றுக்கொடுப்பதாகச் சொல்கிறார்கள். பொம்மைக்கு வலித்தால் எப்படித் தெரியும்? மனுவில் கேட்கக் கூடாதுதான், பொறுத்தருளவும்.

6. இவ்வளவும் இருக்க, அதை ஏன் எழுதவில்லை என்று தாங்கள் கேட்கலாம். எழுதினால் நோயாளி யார் என்றும் எழுத வேண்டுமே! ஏணி உச்சியில் நின்று ஊருக்கே எழுத்துக் காட்டியவன், பெட்பேனுக்காக அக்கா மகளைக் கூப்பிட்டுக் கிடந்தேன் என்று என் அழகான கையெழுத்தில் எப்படி எழுதுவேன்? வெட்கம், ஐயா. அதை மறைக்கத்தான் பதினோரு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது.

7. ஆகவே என் மூன்று தாள்களையும் கிழித்துவிட்டு, பதினான்காம் கட்டத்தில் கீழ்க்கண்டதைச் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்: "இடுப்பெலும்பு முறிந்த ஐம்பத்திரண்டு வயது ஆண் ஒருவரை வீட்டில் நான்கு மாதம் பராமரித்தது. படுக்கைப் புண் வரவில்லை." அவளுடைய நோட்டை இணைத்துள்ளேன். அதில் நான் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. சந்தேகம் இருந்தால் என் முதுகையும் குதிகாலையும் தாங்கள் பரிசோதிக்கலாம். அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது. அந்த ஒன்றுமில்லாததுதான் அவளுடைய அனுபவம்.

8. பொய் எழுதியதற்கு நடவடிக்கை என்றால் என்மீது எடுக்கவும். துணிக்கடையில் விற்பனைக்கு ஆள் கேட்டார்கள், திங்கள் காலை வருகிறேன் என்று அவள் சொல்லிவிட்டாள். அதற்கு முன் தங்கள் அழைப்பு அவள் கையில் கிடைக்க வேண்டும். இந்த மனுவைத் தபாலில் போடாமல், கைத்தடி ஊன்றித் தங்கள் அலுவலகத்தின் இரண்டு மாடியும் நானே ஏறி வந்து கொடுக்கிறேன். நான் ஏறுவதையும் அவளுடைய சான்றிதழ்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும்படி பணிந்து கேட்கிறேன்.

நாள்: மார்ச் 12, புதன்கிழமை
இடம்: அக்கா வீட்டு முன்னறை

இப்படிக்கு,
(கையொப்பம்)
மேற்படி நோயாளி