பீடி தொடாத நெஞ்சு

அக்கா,

இன்று காலை பண்ருட்டியில் பேருந்து நின்றபோது முந்திரிக்கொட்டை வறுக்கும் புகை ஜன்னல் வழியே வந்தது. மூடச் சொன்னார் பக்கத்தில் இருந்தவர். மூடுவதற்குள் நீங்கள் என் நினைவுக்கு வந்துவிட்டீர்கள்.

நான் உங்களைப் பார்த்த முதல் நாள் நீங்கள் உங்களுக்காக வரவில்லை. வீட்டுக்காரரை அழைத்து வந்திருந்தீர்கள். நோயாளிகளைக் குழாயில் ஊதவைத்து நுரையீரலின் பலத்தை அளப்பது, கடலூர் மருத்துவமனையில் என் வேலை. அவர் பீடி குடிப்பவர் என்பதால் மருத்துவர் உடனே பரிசோதனைக்கு எழுதிவிட்டார். ஆனால் அதற்கு முன், அந்த மார்கழிப் பனியில் மூச்சு முட்டி, இரண்டு முறை ஆக்சிஜன் வைத்துப் படுத்தவர் நீங்கள். உங்கள் சீட்டில் இரண்டு முறையும் ‘பதட்டம்’ என்றே எழுதியிருந்தது.

“ஏன் தங்கச்சி, அவுர ஊதச் சொன்ன. என்னைய ஏன் சொல்லல?”

“நீங்க பீடி குடிக்கிறதில்லையேக்கா.”

“பத்தொம்பது வயசுலேர்ந்து கொட்டகையில கொட்ட வறுக்குறேன். ஊட்டுக்கு வந்தா வெறகு அடுப்பு. அந்தப் பொகையெல்லாம் யாரு குடிச்சது?”

உங்களை நேராக மருத்துவரிடம் அழைத்துப்போனேன். கேட்டதும் அவர் எழுதிக் கொடுத்தார். ஊதினீர்கள். உங்கள் இருவரின் தாள்களையும் அருகருகே வைத்து அவர் வெகுநேரம் பார்த்தார். உங்கள் நுரையீரல்தான் அதிகம் கெட்டிருந்தது.

“பொம்பளைங்களுக்கு மூச்சுக்குழாய் சின்னது. கொஞ்சம் பொகையே ஜாஸ்தி கெடுதல் பண்ணும். நாம பீடிய மட்டுமே கேட்டுக்கிட்டு இருந்திருக்கோம்” என்றார்.

“என்ன விடவா ஒனக்கு மோசம்?” என்று வீட்டுக்காரர் திகைத்தார்.

“எதுலயாச்சும் ஒன்ன ஜெயிச்சேனே!” என்று நீங்கள் சிரித்த சிரிப்பில், வரிசையில் இருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். நான் மட்டும் தலைகுனிந்து நின்றேன். உங்களைப் போல எத்தனை பேரை ஊதவைக்காமலே அனுப்பியிருப்பேன்!

அதன்பின் நீங்கள் சும்மா இருக்கவில்லை. மருத்துவர் தந்த இன்ஹேலரை ஒரு வேளைகூட விடவில்லை. வறுக்கிற இடத்தை விட்டுப் பருப்பு உடைக்கும் பக்கம் மாறினீர்கள். வீட்டுக்குக் கேஸ் அடுப்பு வந்தது. ஒரு திங்கட்கிழமை, கொட்டகைப் பெண்கள் எட்டுப் பேரோடு பேருந்தில் வந்து இறங்கி, “இவுங்களையும் ஊதச் சொல்லு” என்றீர்கள். மூன்று பேருக்கு நோய் ஆரம்பத்திலேயே தெரிந்தது. அந்த வாரமே எங்கள் படிவத்தில் ‘அடுப்பு, வேலைப் புகை’ என்று புதிய வரி ஏறியது.

அடுத்த மார்கழியில் ஒரு காலை, உங்கள் பெயர் சேர்க்கைப் பட்டியலில் வந்துவிடுமோ என்று நான் பயந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. பின்னால் ஒரே மேளச் சத்தம்.

“தங்கச்சி, செதம்பரத்துல இருக்கேன், தேர் வடம் புடிச்சிருக்கேன், கீழவீதிலேர்ந்து நடந்தே வர்றேன், கேக்குதா?”

நெஞ்சோடு சம்பந்தமில்லாத ஒரு காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது அதற்கு நான்கு வருடம் கழித்துத்தான். என் காதில் இன்றும் இருப்பது, நடுவில் ஒருமுறைகூட மூச்சு வாங்காமல் நீங்கள் சொல்லி முடித்த அந்த ஒரு வாக்கியம்.