ஒரு கோடு வந்தால் சாப்பிடலாம்

மே 6, திங்கள்

என் மனைவி நஜீபா சொல்கிறாள், உன் வேடிக்கைப் பேச்சில் பாதியைத் தாளிடம் சொல்லு, மீதியை மட்டும் என்னிடம் சொல்லு, என் காதுக்கும் வயசாகிறது என்று. சரி தாளே, கேட்டுக்கொள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் என்னைக் கும்பிட்டு அனுப்பிவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

கேஸ் சிலிண்டர் தூக்கும் வேலையை இன்றோடு தலைமுழுகிவிட்டேன். இனி என் வண்டியில் உள்ளங்கையளவு டப்பாக்கள். எங்கள் தெருவில் மூக்கொழுகிக்கொண்டு திரிந்த ஒல்ஃபா படித்துப் பெரிய ஆளாகி, ஊரின் வடகோடியில் அரியானாவில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே அறை பிடித்துக் கண்டுபிடித்தது. சாப்பாட்டில் ஒரு கிள்ளு எடுத்து, கூடவே வரும் தண்ணீரில் கரைத்து, டப்பாவில் சொட்டு விட வேண்டும். ஒரு கோடு வந்தால் சாப்பிடலாம். இரண்டு கோடு வந்தால் உள்ளே கோதுமை ஒளிந்திருக்கிறது.

"கண்ணுக்கே தெரியாத ஒரு மூலக்கூறுண்ணே. கோதுமையில இருக்கும், பார்லியில இருக்கும். அது உள்ள வந்தா, டப்பாவுல நான் வச்சிருக்கிறது போய்க் கப்புன்னு பிடிச்சுக்கும்" என்றாள்.

"அப்ப சுங்க அதிகாரின்னு சொல்லு. கப்பல்ல வர்ற எல்லாரையும் விட்டுட்டுக் கோதுமையை மட்டும் சட்டையைப் பிடிக்கிறவன்."

"ஆமா. ஆனா உன்னை மாதிரி அரட்டை அடிக்க மாட்டான்."

வாயாடி. இந்தப் பெண்ணுக்கு நல்ல காலம் பிறக்கட்டும்.

மே 7

முதல் டப்பா வேறு யாருக்கு? நஜீபாவுக்குத்தான்.

அவளுக்கு ரொட்டி விஷம். ஒரு விள்ளல் போனால் போதும், வயிறு முறுக்கிக்கொள்ளும், கைகால் துவண்டுவிடும். டாக்டர் அதைக் கண்டுபிடித்துச் சொன்ன நாளிலிருந்து என் அக்கா மொன்ஜியா வீட்டில் நாங்கள் எல்லோரும் ஒரே நடுத்தட்டைச் சுற்றி உட்கார்ந்து அதிலிருந்தே சாப்பிடுவோம். இவள் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோன சின்னச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஓரத்தில். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த விருந்தாளி மாதிரி. அங்கே சிரித்துக்கொண்டே இருப்பாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அந்தச் சிரிப்பையும் கழற்றி வைத்துவிடுவாள். எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

மே 12, ஞாயிறு

ராதேஸில், அக்கா வீட்டில். ஆட்டுக்கறியும் பட்டாணியும். நஜீபா அக்காவின் சட்டியிலிருந்து கிள்ளி எடுத்துக் கரைத்தாள். அடுப்படியில் எல்லோரும் டப்பா மேல் குனிந்தோம். ஒரு கோடு!

மொன்ஜியா போட்ட குலவையில் பக்கத்து வீட்டுக்காரி கல்யாணமோ என்று எட்டிப்பார்த்தாள்.

நஜீபா நடுத்தட்டுக்கு வந்தாள். கையில் ஒரு கரண்டி. எங்கள் கையில் ரொட்டி. அக்காவுக்குக் கை ஓயவில்லை. நல்ல கறியாகத் தேடி ரொட்டியால் வழித்து வழித்து இவள் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தாள். "தின்னு தாயி, தின்னு. ஓரத்துல உக்காந்து உக்காந்து ஓணான் மாதிரி ஆயிட்ட."

"நானும் ஓணான்தான் அக்கா, எனக்கும் தள்ளு" என்றேன். கையில் ஒரு அடி கிடைத்தது.

மே 13

நஜீபா படுத்தே கிடக்கிறாள். காத்துப் பிடித்துவிட்டது என்கிறாள். நான் சோளக்கஞ்சி காய்ச்சினேன். அடிபிடித்துக் கருகிவிட்டது. "நல்லாத்தான் இருக்கு" என்று குடித்தாள்.

மே 21

வேலையில் எனக்கு இரண்டாவது பங்கு ஒன்று இருக்கிறது. டப்பா கொடுத்த வீட்டுக்கு மறுபடி போய், "எப்படி இருக்குன்னு இதுல சொல்லுங்க" என்று கைபேசியை நீட்ட வேண்டும். அவர்கள் சொல்வதை அனீஸின் இயந்திரம் கேட்டு, பாராட்டு ஒரு பக்கம், புகார் ஒரு பக்கம், கேள்வி ஒரு பக்கம் என்று பிரித்துப் போடும். அனீஸ், ஒல்ஃபாவின் கூட்டாளி. ஒல்லி. பேசுவதற்கு முன்னால் கண்ணாடியைத் துடைப்பான். ஆயிரம் பேர் பேசினாலும் ஒரு மூச்சில் கேட்டுவிடுமாம் அது.

எல்லா வீட்டிலும் பாராட்டு. "உங்க கைக்கு ஒரு குறையும் வராது." "ஒல்ஃபாவைப் பெத்த வயித்துக்குச் சொர்க்கம்." ஒரு வீட்டில் டப்பாவுக்கே கையேந்தித் துஆ செய்தார்கள். நஜீபா மட்டும் கைபேசியை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்த் தனியாகப் பேசிவிட்டு வந்தாள்.

"புகார்ப் பக்கம் காலியா இருக்குண்ணே" என்றான் அனீஸ், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு.

"என் மூஞ்சியைப் பார்த்துட்டுக் குறை சொல்ல யாருக்குடா மனசு வரும்?"

மே 26, ஞாயிறு

மறுபடி அக்கா வீடு. மறுபடி ஒரு கோடு. மறுபடி குலவை.

மே 27

மறுபடி காத்து.

ஜூன் 2, ஞாயிறு

முழங்கால் வலி என்று நஜீபா ராதேஸுக்கு வரவில்லை. நான் கிளம்பிப் போனதும் இதே முழங்காலோடு மாடிக்கு ஏறித் துணி காயப்போட்டிருக்கிறாள். திரும்பி வந்தபோது கொடி நிறையத் துணி ஆடிக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு பொய் சொல்ல வேண்டியிருக்கும், பாவம்.

ஜூன் 16, பெருநாள்

வரவில்லை. பெருநாளுக்கே வரவில்லை.

அக்கா வாசலில் என் பின்னால் பார்த்தாள். யாரும் இல்லை. "எங்க அவ?"

"தலைவலி."

"போன தடவை முழங்கால், இந்தத் தடவை தலையா? வலி மேல ஏறிக்கிட்டே போகுதே. அடுத்த வாரம் தலைக்கு மேல போயிருமா?" பிறகு, குரல் தாழ்ந்து: "என் சட்டி சுத்தமில்லன்னு நினைக்கிறாளாடா? நான் அவளுக்காக மாவு டப்பாவையே அடுப்படியை விட்டு வெளிய வச்சேன். பிள்ளைங்களை அடுப்படிப் பக்கமே விடல."

நான் ஏதோ சிரிப்பாகச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு இது பழக்கமில்லை.

ஈரலைச் சுட்டு மூடி கொடுத்தனுப்பினாள். நஜீபா கிண்ணத்தைத் திறந்து பார்த்து, முகர்ந்து, மூடி வைத்தாள். இரண்டு பெண்கள். ஒருத்தி மேல் ஒருத்திக்கு உயிர். நடுவில் நான், மூடிய கிண்ணத்தோடு.

ஜூன் 20

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

அரியானாவுக்குப் போனபோது அனீஸ் கண்ணாடியைத் துடைக்காமலே பேசினான். அப்போதே விஷயம் பெரிது என்று தெரிந்துவிட்டது. "அண்ணே, பாராட்டுப் பக்கத்துல ஒரே மாதிரி சொல்ற ஆளுங்களை ஒண்ணாச் சேர்த்துப் பார்த்தேன். நிறையப் பேர் கடைசியில ஒண்ணு சொல்றாங்க. கேளுங்க."

போட்டான். ஒரு கிழவர்: "டப்பா தங்கம். பேத்தி இப்ப நல்லா இருக்கா, அல்ஹம்துலில்லாஹ்." ஒரு பெண்: "ரொம்ப நன்றி. இப்ப எந்திரிச்சு உக்காந்துட்டேன், அல்ஹம்துலில்லாஹ்." இன்னொருத்தி, இன்னொருத்தர். எல்லோரும் இப்போது நல்லா இருக்கிறார்கள்.

"நல்ல சேதிதானே?" என்றேன்.

"என் இயந்திரமும் அப்படித்தான் நினைச்சுது. இப்ப நல்லா இருக்காங்கன்னா, நடுவுல நல்லா இல்லாம இருந்தாங்கன்னுதானே அண்ணே அர்த்தம்?"

ஒல்ஃபா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். முகம் பார்க்கவில்லை, கழுத்தே வெளுத்திருந்தது. "டப்பா பொய் சொல்லுதாண்ணே? ஒரு கோடு காட்டிட்டு விஷத்தை ஊட்டுதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த குரல் ஓடியது. "டப்பாவுல ஒரு கோடு. மொன்ஜியா அக்கா கைச் சாப்பாடு தேன். ரெண்டு நாள்தான். இப்ப பரவாயில்ல, அல்ஹம்துலில்லாஹ்."

என் நஜீபா.

பதினெட்டு வயசிலிருந்து கேட்கிற குரல். அதை ஒரு பெட்டியிலிருந்து கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. காத்து! என்ன காத்து? கருகின கஞ்சியை நல்லா இருக்கு என்று குடித்தவள்தானே.

ஜூன் 21

கேட்டேன். முதலில் முழங்கால் என்றாள். பெட்டியில் உன் குரலைக் கேட்டேன் என்றேன். ஊறுகாய் ஜாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த ஜாடியையே துடைத்தாள்.

"அவ வீட்டுல சாப்பிட்டுட்டு, அவ சாப்பாட்டால வயிறு கெட்டுதுன்னு எந்த வாயால சொல்றது? குலவை போட்டவகிட்ட? அதுக்குப் பதிலா நான் வராமலே இருந்துட்டுப் போறேன்."

"அவ வேற மாதிரி நினைக்கிறா. அவ சட்டியை நீ அசிங்கமா நினைக்கிறியாம்."

ஜாடியைக் கீழே வைத்தாள். "அப்படியா சொன்னா?" அழுதாள். எனக்கு அழுகையை எப்படி நிறுத்துவது என்று தெரியாது. சிரிக்க வைக்கத்தான் தெரியும். அதனால் பக்கத்தில் உட்கார்ந்து ஜாடியை நான் துடைத்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

ஒல்ஃபாவை அக்கா வீட்டுக்கு அழைத்துப் போனேன். டப்பாவைச் சோதிக்கணும், உன் சட்டியை இல்லை என்று மட்டும் சொன்னேன். அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சமைத்தாள். ஆனாலும் சமைத்தாள், விருந்தாளி விருந்தாளிதானே.

சட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தாள் ஒல்ஃபா. ஒரு கோடு. "பார்த்துக்கங்க எல்லாரும்!" என்றாள் அக்கா. மச்சான் ஹெதியும் பார்த்தார், பக்கத்து வீட்டுக்காரியும் பார்த்தாள்.

பிறகு நடுத்தட்டு வந்தது. நஜீபாவின் இடத்தில் ஒல்ஃபாவை உட்கார வைத்து, அவளுக்கும் ஒரு கரண்டி. நாங்கள் ரொட்டியைப் பிட்டுத் தோய்த்தோம். அக்காவால் கோபத்திலும் சும்மா இருக்க முடியுமா? "என்னம்மா கொறிக்கிற, ஆராய்ச்சி பண்ணிப் பண்ணி எலும்பாயிட்ட" என்று நல்ல துண்டாகத் தேடி, ரொட்டியால் வழித்து அவள் பக்கம் தள்ளினாள். தள்ளிக்கொண்டே இருந்தாள்.

ஒல்ஃபா சாப்பிடுவதை நிறுத்தினாள். அந்தக் கறித்துண்டைப் பார்த்தாள். பக்கத்தில் ஒட்டியிருந்த ரொட்டித் துணுக்கைப் பார்த்தாள். எழுந்துபோய் இன்னொரு டப்பா கொண்டுவந்து, தன் பக்கத்துக் குழம்பில் ஒரு கிள்ளு எடுத்தாள்.

இரண்டு கோடு. கறுப்பாக, கம்பி மாதிரி.

 

அக்கா தன் கையை விரித்துப் பார்த்தாள். விரல் இடுக்கில் ரொட்டித் தூள். "என் கையா?" என்றாள். "சட்டி இல்ல... என் கையா?"

"அக்கா, நம்ம எல்லாரோட ரொட்டியும்தான். டப்பா சட்டியைத்தானே பார்த்துச்சு" என்றாள் ஒல்ஃபா. "தப்பு என்னுது. தட்டைப் பாருன்னு நான் எங்கயுமே சொல்லல. நம்ம ஊர்லயே பிறந்து வளர்ந்து, நாம எப்படிச் சாப்பிடுறோம்னு எனக்கு ஞாபகம் வரல."

அக்கா கேட்கவே இல்லை. "நல்ல துண்டாப் பார்த்துப் பார்த்து நானே ஊட்டினேன்" என்றாள். கையை மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டாள், திருடியவள் மாதிரி.

ஒல்ஃபாவைத் திரும்ப அரியானாவில் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது, "நல்லவேளை, டப்பா பொய் சொல்லல" என்றாள். பிறகு, "ஆனா கேள்வியை நான் தப்பாக் கேட்டுட்டேன்" என்றாள்.

ஜூன் 24

நஜீபாவிடம் சொன்னேன்.  "பாவம் அவ கை" என்றாள்.

ஜூன் 28

இனி வீடுகளில் "டப்பா எப்படி இருக்கு?" என்று கேட்கக் கூடாதாம். "சாப்பிட்ட மறுநாள் காலையில எப்படி இருந்தீங்க?" என்றுதான் கேட்க வேண்டும். டப்பாவுக்குள் புதிதாக ஒரு சீட்டு: சட்டியை மட்டும் இல்லை, தட்டையும் பாருங்கள்.

கேள்வியை மாற்றியதும் சனங்கள் மனசைத் திறந்து கொட்டுகிறார்கள். ஒருத்தி தன் மாமியார் வீட்டு விருந்தையே பிரித்து மேய்ந்துவிட்டாள். அனீஸின் புகார்ப் பக்கம் வழிகிறது. பிள்ளை பிறந்த மாதிரி சந்தோஷப்படுகிறான். விசித்திரமான தொழில்.

ஜூலை 5

அக்காவிடமிருந்து அழைப்பு. என்னோடு பேசவில்லை. "அவகிட்ட குடு."

இஸ்லாமிய வருஷப் பிறப்புக்கு முலூக்கியா வைக்கிறாளாம். கீரைப்பொடியை எண்ணெயில் போட்டு விடிய விடியக் கொதிக்க வைத்தால் கரும்பச்சையாக வரும். வருஷமும் அதே போலப் பச்சையாக இருக்கும். ரொட்டியைத் தோய்த்துத்தான் சாப்பிடுவது. ரொட்டி இல்லாமல் முலூக்கியாவா?

நஜீபா காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். "ம்" என்றாள். "ம்" என்றாள். வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். என்ன சொன்னாள் என்று கேட்டேன். "முழங்கால் எப்படி இருக்குன்னு கேட்டா" என்றாள்.

ஜூலை 7, ஞாயிறு, வருஷப் பிறப்பு

அக்கா வீட்டில் கோதுமை என்று ஒரு துணுக்கு இல்லை. தரையைக் கழுவி, மேசையைக் கழுவி, மச்சானின் சட்டைப் பையைக்கூட உதறியிருக்கிறாள். எல்லோருக்கும் சோள ரொட்டி. பிட்டால் உதிர்கிறது, தோய்த்தால் குழம்போடு போய்விடுகிறது.

"முலூக்கியாவுக்கு இதுவா ரொட்டி? மீன் பிடிக்கச் சல்லடையைக் குடுத்த மாதிரி இருக்கு" என்றார் மச்சான்.

"உனக்குப் பிடிக்கலன்னா கரண்டியை எடுத்துக்கிட்டு ஓரத்துல போய் உக்காரு. மூணு வருஷம் உக்காந்து பாரு" என்றாள் அக்கா.

மச்சான் அப்புறம் வாயைத் திறந்தது சாப்பிட மட்டும்தான்.

சட்டி, ஒரு கோடு. தட்டு, ஒரு கோடு. குலவை இல்லை இந்தத் தடவை. நஜீபா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ரொட்டியைப் பிட்டுக் கையாலேயே தோய்த்தாள். அக்கா ஒரு நல்ல கறித்துண்டை எடுத்தாள். பாதி வழியில் கை நின்றுவிட்டது. தன் விரல்களைப் பார்த்தாள்.

"என்ன பார்க்கிற? போடு" என்றாள் நஜீபா.

போட்டாள்.

ஜூலை 8

நஜீபா எனக்கு முன்னாலேயே எழுந்து கஞ்சி காய்ச்சிவிட்டாள். கருகவில்லை.

ஜூலை 9

பென் அரூஸ் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது அனீஸ் கூப்பிட்டான். "அண்ணே, அண்ணி ஒரு புகார் சொல்லியிருக்காங்க. கேளுங்க."

"மறுநாள் காலையில நல்லா இருந்தேன். வயித்துல ஒண்ணுமில்ல. ஆனா மொன்ஜியா அக்கா முலூக்கியாவுல கைதவறி உப்பை அள்ளிக் கொட்டிட்டா. அந்தச் சோள ரொட்டியைப் பத்திச் சொல்லவே வேணாம். ராத்திரி பூரா எந்திரிச்சு எந்திரிச்சுத் தண்ணி குடிச்சேன். இதையெல்லாம் அவகிட்டயும் சொல்லியாச்சு. உனக்கு நாக்கு நீளமாயிருச்சுன்னு சொன்னா."

"புகார்ப் பக்கத்துல போட்டிருக்கு. எடுத்துடவாண்ணே?" என்றான் அனீஸ். "உப்புக்கும் டப்பாவுக்கும் சம்பந்தமில்லையே."

"தொடாத. அங்கயே இருக்கட்டும்."

வண்டியை ஓரமாக நிறுத்தி, இன்னொரு தடவை போடச் சொன்னேன்.