நரி வாலை ஆட்டுது

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். முழங்காலுக்கு மருந்து தடவுகிறீர்களா, இல்லையா?

முகநூலில் மக்கள் எழுதுவதை வைத்துத் துருவ ஒளியை முன்கூட்டிச் சொல்லும் என் நிரல், வெள்ளியன்று நம் ஊர் கிட்டிலாவில் ஒளி வந்ததைக் கோட்டைவிட்டது. "சனங்க எழுதறத நம்ப வேணாம், தூக்கிடு" என்றார் எங்கள் குழுத் தலைவி மார்கெட்டா. என் உழைப்பு குப்பைக்குப் போக இருந்தது. தோண்டிப் பார்த்தால், நீங்கள் எல்லோரும் "நரி வாலை ஆட்டுது" என்று எழுதியிருக்கிறீர்கள்! நிரல் அதை விலங்குச் செய்தி என்று ஒதுக்கிவிட்டது.

"உங்க ஊர்க்காரங்க நேரா பேசவே மாட்டாங்களா?" என்றார்.

"துருவ ஒளிக்கு நம்ம பாஷைல பேரே நரித்தீதானே, மார்கெட்டா? நரி வால் பனியில பட்டுப் பறக்குற பொறின்னுதானே கதை?"

சிரித்துவிட்டார், நிரல் பிழைத்தது. நரியையும் சேர்த்தேன். மறுநாளே யாரோ கோழி திருடிய நரியைத் திட்டி எழுத, பட்டப்பகலில் ஊருக்கே அறிவிப்பு போனது. இனி இருட்டிய பிறகு வரும் நரிக்குத்தான் மதிப்பு.

ஹெல்சிங்கி விளக்குகளில் வானமே தெரிவதில்லை. உலர்ந்த கலைமான் கறி அனுப்புங்கள். நரி வந்தால் உடனே எழுதுங்கள். முதலில் படிப்பவன் நான்தான்.

டிராம் வந்துவிட்டது.

உங்கள் மகன்,
தாவி